தூங்குமூஞ்சி என்ற பட்டத்துக்குப் பின்னால்: நார்கோலெப்சியைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்பில் எனக்குப் பெயர் கும்பகர்ணி. கணக்கு வாத்தியார் போர்டில் எழுத எழுத நானும் நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருப்பேன். அரை மணி கழித்துப் பார்த்தால் முதல் மூன்று வரி ஒழுங்காக இருக்கும். நான்காவது வரி கீழே சரிந்திருக்கும். அதற்குப் பிறகு எழுத்தே இல்லாமல் மண்புழு ஊர்ந்த மாதிரி ஒரு கோடு. கை எழுதிக்கொண்டிருந்திருக்கிறது, நான் தூங்கியிருக்கிறேன். வீட்டில் அம்மா, “ஏட்டி, ராத்திரி என்னதான் பண்ணுத?” என்று கேட்பாள். பத்து மணிக்கே படுத்துவிட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டாள்.

16 வயதில் ஆரம்பித்த தொல்லைக்கு 27 வயதில்தான் பெயர் தெரிந்தது: நார்கோலெப்சி, பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் மூளை சம்பந்தப்பட்ட நோய். இடையில் இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு சோதனை, மனச்சோர்வு மாத்திரை, ஒரு வருடம் வலிப்பு மாத்திரை எல்லாம் ஆயிற்று. இந்த நோயில் பதினோரு வருடம் என்பது அதிசயமும் இல்லை. பல நாடுகளில் அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் உறுதியாகும்வரை 8 முதல் 15 ஆண்டுகள் போய்விடுகின்றன. சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலும் 10 முதல் 25 வயதுக்குள் தொடங்குகிறது. பரீட்சை, முதல் வேலை, கல்யாணப் பேச்சு எல்லாம் வந்து சேரும் வயது அது.

நான் மருத்துவர் இல்லை, நோயாளி. சோதனைக்கு இரண்டு முறை போய், முதல் முறை தப்பான விடையோடு திரும்பி வந்தவள். அந்த அனுபவத்தில் ஒன்று நிச்சயமாகத் தெரியும். இந்த நோய் பிடிபடுவதும் நழுவிப்போவதும் பெரும்பாலும் சோதனைக்கு முந்தைய நாட்களில்தான். மருத்துவரிடம் என்ன சொன்னோம், எப்படித் தயாரானோம் என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. ஆகவே கீழே உள்ள படிகளில் சோதனைக்கு முந்தையவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கதவின் தாழ்ப்பாள்

முதலில் ஒரு தப்பான எண்ணத்தை ஓரமாக வைப்போம். கும்பகர்ணன் மாதக்கணக்கில் தொடர்ந்து தூங்கினான். நார்கோலெப்சி உள்ள பெரியவர் ஒருவர் 24 மணி நேரத்தில் தூங்கும் மொத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் மற்றவர்களைவிடப் பெரிய வித்தியாசம் இருக்காது. அளவு அதேதான். அது ஒரே இடத்தில் நிற்காமல் பகலெல்லாம் சிதறிக் கிடக்கிறது.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. அங்கே சில பத்தாயிரம் நரம்பணுக்கள் மட்டும் ஒரு வேதிப்பொருளைச் சுரக்கின்றன. 1998 இல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் ஒன்றுக்கொன்று தெரியாமல் அதைக் கண்டுபிடித்ததால் அதற்கு இரண்டு பெயர்: ஹைப்போகிரெட்டின், ஒரெக்சின். விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவே உள்ள கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி அது. நார்கோலெப்சியில் இரண்டு வகை உண்டு. சிரித்தால் தசை தளர்வதும் சேர்ந்து வரும் முதல் வகையில் அந்த அணுக்களில் பெரும்பாலானவை அழிந்துவிடுகின்றன. தாழ்ப்பாள் இல்லாத கதவு காற்றடிக்கிற பக்கமெல்லாம் ஆடும். பகலில் தூக்கம் உள்ளே வருகிறது, ராத்திரியில் விழிப்பு உள்ளே வருகிறது. அதனால்தான் இந்த நோயாளிகள் பலருக்கு இரவுத் தூக்கமும் துண்டு துண்டாக இருக்கும். “பகலெல்லாம் தூங்கினால் ராத்திரி எப்படித் தூக்கம் வரும்?” என்று வீட்டில் கேட்பார்கள். காரணம் தலைகீழாகப் பார்க்கப்படுகிறது.

இன்னொன்றும் உண்டு. நாம் கனவு காண்பது பெரும்பாலும் ரெம் என்ற தூக்கத்தில். அப்போது கண் மட்டும் வேகமாக அசையும், உடம்பின் தசைகள் எல்லாம் செயலற்றுக் கிடக்கும். கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து இறங்கி ஓடாமல் இருப்பதற்கு உடம்பு செய்து வைத்த ஏற்பாடு. சாதாரணமாகத் தூங்கி ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் ரெம் வரும். நார்கோலெப்சியில் பலசமயம் 15 நிமிடத்துக்குள்ளேயே வந்துவிடும். சிலசமயம் விழித்திருக்கும்போதே அதன் துண்டுகள் நுழையும். கனவு தனியாக நுழைந்தால் இல்லாத உருவம் தெரியும். தசைத் தளர்ச்சி தனியாக நுழைந்தால் ஆள் சரிந்து விழுவார். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி அறிகுறிகள் எல்லாம் ஒரே நூலில் கோத்த மாதிரி வரிசையாக வந்து நிற்கும்.

அந்த அணுக்கள் ஏன் அழிகின்றன? உடலின் எதிர்ப்புச் சக்தியே அவற்றைத் தாக்குகிறது என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 2009–10 இல் எச்1என்1 காய்ச்சல் பரவியபோது பின்லாந்திலும் சுவீடனிலும் பாண்டெம்ரிக்ஸ் என்ற தடுப்பூசி போட்டுக்கொண்ட பிள்ளைகளிடையே நார்கோலெப்சி கூடியது. அந்தத் தடுப்பூசி போடாத சீனாவில்கூட அந்தக் காய்ச்சல் அலைக்குப் பிறகு கூடியது. அந்தத் தடுப்பூசி இப்போது புழக்கத்தில் இல்லை. அதை வைத்து மற்ற தடுப்பூசிகளைக் கண்டு பயப்பட வேண்டியதும் இல்லை.

படி 1: அசதியா, தூக்கமா?

மருத்துவரிடம் போய் “ஒரே டயர்டா இருக்கு டாக்டர்” என்றுதான் நாம் ஆரம்பிக்கிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரும்பு மாத்திரையோடு வீட்டுக்கு வந்தேன். அசதி வேறு, தூக்கம் வேறு. அசதி உள்ளவருக்கு உடம்பு ஓயும், படுத்தால் தூக்கம் வராமலும் இருக்கலாம். தூக்க நோய் உள்ளவர் உட்கார்ந்த இடத்தில் உண்மையிலேயே தூங்கிப்போவார். உங்களுக்கு நடப்பது எது என்று முதலில் நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். சொல்லும்போது டயர்டு என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு நடந்ததைச் சொல்லுங்கள்: “பரீட்சை எழுதும்போது தூங்கினேன்”, “வண்டி சிக்னலில் நிற்கும்போது தூங்கினேன்”, “பேசிக்கொண்டே தூங்கினேன்.”

இதற்கு எண் கொடுக்கும் கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் மரே ஜான்ஸ் 1991 இல் உருவாக்கிய எப்வொர்த் அளவுகோல். படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, ஒரு மணி நேரம் காரில் பயணியாக உட்கார்ந்திருக்கும்போது என்று எட்டு சூழ்நிலைகள். ஒவ்வொன்றிலும் கண்ணயரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் பகல் தூக்கம் அதிகம் என்று பொருள். நான் 19 வாங்கினேன், வாழ்க்கையில் கஷ்டப்படாமல் வாங்கிய ஒரே நல்ல மார்க்.

இந்த எண் நோயைச் சொல்லாது, மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். நீங்கள் போட்ட மதிப்பெண்ணைக் காட்டாமல் உங்கள் வீட்டில் ஒருவரையும் உங்களைப் பற்றி நிரப்பச் சொல்லுங்கள். நம் தூக்கத்தை நம்மைவிட அடுத்தவர்தான் நன்றாகப் பார்த்திருப்பார்.

படி 2: சாதாரணக் காரணங்களை முதலில் களையுங்கள்

பகலில் தூங்கி விழும் பெரும்பாலானவர்களுக்கு நார்கோலெப்சி இல்லை. தூக்கம் போதாததுதான் முதல் காரணம். ராத்திரி ஒரு மணி வரை போன், காலை ஆறு மணிக்கு ட்யூஷன் என்றால் எந்த மூளையும் பகலில் சாயும். ஷிப்ட் வேலையும் அப்படித்தான்.

அடுத்தது குறட்டை. தூக்கத்தில் மூச்சு அடைபட்டு அடைபட்டுத் திறக்கும் ஸ்லீப் ஆப்னியா நார்கோலெப்சியைவிடப் பல மடங்கு அதிகம். ஒல்லியானவர்களுக்கும் வரும். அப்புறம் தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, மனச்சோர்வு. தும்மலுக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகள், சில இருமல் மருந்துகள், வலிப்பு மாத்திரைகள் ஆகியவையும் தூங்க வைக்கும். சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். நாட்டு மருந்தையும் சேர்த்து.

ஒரு எளிய சோதனை உண்டு. இரண்டு வாரம் தினமும் எட்டு மணி நேரம் தூங்கிப் பாருங்கள். பகல் தூக்கம் வடிந்துவிட்டால் சந்தோஷம், வழிகாட்டி இங்கேயே முடிந்தது. வடியவில்லை என்றால் மேலே படியுங்கள்.

படி 3: சிரிப்பைப் பற்றிய கேள்வி

பதினோரு வருடத்தில் ஒரு மருத்துவரும் என்னிடம் கேட்காத கேள்வி இது: “சிரிக்கும்போது உங்களுக்கு என்ன ஆகும்?”

அதைக் கவனித்தது தம்பிதான். “அக்கா, நீ ஜோக் சொல்ல ஆரம்பிச்சாலே நாற்காலி எங்க இருக்குன்னு பாக்குத” என்றான். உண்மை. ஜோக்கின் கடைசி வரி வரும்போது முழங்கால் நெகிழும், தாடை தொங்கும், நாக்கு குழறும், கையில் டம்ளர் இருந்தால் நழுவும். எனக்கு அது ஒரு நோய் என்று தோன்றியதே இல்லை. எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், விழுந்து விழுந்து சிரிப்பது என்று இதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

இதற்குப் பெயர் கேட்டப்ளெக்சி. திடீரென வரும் உணர்ச்சியால் தசைகள் சில விநாடிகளுக்கு, அதிகம் போனால் ஒன்றிரண்டு நிமிடங்களுக்குத் தளர்ந்துபோவது. சிரிப்புதான் பெரும்பாலும் தூண்டும். ஆச்சரியம், கோபம், பழைய நண்பரைத் திடீரென்று பார்ப்பது, கேரம் போர்டில் ராணியைப் போடும் தருணம் இவையும் போதும். முழுதாக விழுவது எல்லோருக்கும் நடக்காது. தலை லேசாக ஆடும், கண் இமை சொருகும், பேச்சு குழறும், அவ்வளவுதான் பலருக்கு. 1880 இல் நார்கோலெப்சி என்ற பெயரை வைத்த பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோ விவரித்த நோயாளி ஒரு மது பீப்பாய் வியாபாரி. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இந்த நோயுள்ள டாபர்மேன் நாய்களை வளர்த்து ஆராய்ந்தார்கள். பிடித்த தீனியை வைத்தால் அவை சந்தோஷத்தில் கால் மடிந்து சரியும். அந்த நாய்களின் மரபணுவில்தான் 1999 இல் எம்மானுவேல் மிக்னோவின் குழு ஹைப்போகிரெட்டின் கோளாறைக் கண்டுபிடித்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பகல் தூக்கத்துக்கு நூறு காரணம் இருக்கலாம். சிரித்தால் தசை தளர்வதற்குக் காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உண்மையான கேட்டப்ளெக்சி இருக்கிறது என்று தெரிந்தாலே மருத்துவரின் பாதை பாதியாகச் சுருங்கிவிடும்.

வலிப்பு என்று இதைத் தவறாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. எனக்கும் அதுதான் நடந்தது. பிரித்தறிய வழி இருக்கிறது. கேட்டப்ளெக்சியில் நினைவு தப்பாது. விழுந்து கிடக்கும்போதும் சுற்றி எல்லோரும் பேசுவது காதில் விழும், எழுந்த பிறகு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கும். கை கால் வெட்டி இழுக்காது, நாக்கைக் கடித்துக்கொள்வது இருக்காது, எழுந்த பிறகு குழப்பமும் இருக்காது. அடுத்த முறை நடக்கும்போது போனில் வீடியோ எடுக்கச் சொல்லி வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அரை நிமிட வீடியோ அரை மணி விளக்கத்துக்குச் சமம்.

ஒரு எச்சரிக்கை: முகமோ கையோ காலோ ஒரு பக்கம் மட்டும் திடீரெனப் பலமிழந்தால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். சரியாகிறதா என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேட்டப்ளெக்சி இல்லை என்பதற்காக நார்கோலெப்சி இல்லை என்று ஆகிவிடாது. அது இல்லாத வடிவத்தை இரண்டாம் வகை என்கிறார்கள். சிலருக்குத் தூக்கம் வந்து பல வருடம் கழித்துக் கேட்டப்ளெக்சி வரும். குழந்தைகளிடம் சிரிப்பே இல்லாமல் முகம் தொங்குவதும் நாக்கு வெளியே துருத்துவதுமாக இருக்கும். தூக்கம் வருகிற குழந்தை தூங்கி விழாமல் துறுதுறுவென்று ஆடி எரிச்சல்படவும் செய்யும். கூடவே எடை மளமளவென்று ஏறினால் கவனியுங்கள்.

படி 4: அமுக்குவான் பேயும் மற்றவையும்

விழிப்பு வந்துவிட்டது, கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். நம் ஊரில் இதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர் வைத்து, தலைமாட்டில் இரும்பையோ விளக்குமாற்றையோ வைப்பார்கள். மருத்துவத்தில் இது தூக்க வாதம். ரெம்மின் தசைத் தளர்ச்சி விழித்த பிறகும் ஓரிரு நிமிடம் ஒட்டிக்கொண்டிருப்பது. கனவின் மிச்சமும் கூடவே இருந்தால் பேய்க்கு உருவமும் குரலும் வந்துவிடும்.

இது நோயில்லாத பலருக்கும் எப்போதாவது வரும். அடிக்கடி வந்து, பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால்தான் முக்கியம். தூங்கப்போகும் நொடியிலோ எழும் நொடியிலோ இல்லாத ஆள் நிற்பதும் பூனை ஓடுவதும் தெரிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பைத்தியம் என்று நினைத்துவிடுவாரோ என்று மறைத்தவர்களில் நானும் ஒருத்தி. தூக்கத்தின் ஓரத்தில் மட்டும் வருகிறது என்று சேர்த்துச் சொல்லுங்கள், அந்த ஒரு விவரம் மனநோயிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும்.

குட்டித் தூக்கம் போட்டு எழுந்ததும் எப்படி இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நார்கோலெப்சியில் 15 நிமிடம் தூங்கினாலே தலை தெளியும், கொஞ்ச நேரத்துக்காவது. ஒரு மணி, இரண்டு மணி தூங்கியும் தெளியாமல், எழுப்பினால் குடித்தவர் மாதிரித் தடுமாறினால் இடியோபதிக் ஹைப்பர்சோம்னியா என்ற இன்னொரு நோயை மருத்துவர் யோசிப்பார்.

படி 5: இரண்டு வாரக் குறிப்பேடு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். படுத்த நேரம், தூங்கியதாக நினைக்கும் நேரம், ராத்திரி எத்தனை தடவை விழிப்பு, எழுந்த நேரம், பகலில் எங்கே எவ்வளவு நேரம் தூங்கினீர்கள், காபி டீ எத்தனை, சிரிப்பில் தளர்ந்தது எத்தனை முறை. காலையில் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை எழுதினால் போதும். சில இடங்களில் கைக்கடிகாரம் போன்ற கருவியைக் கட்டிவிட்டு அசைவைப் பதிவு செய்வார்கள், அது இன்னும் நல்லது. கடையில் வாங்கும் ஸ்மார்ட் வாட்ச் காட்டும் ரெம் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

பழைய பள்ளி நோட்டு கிடைத்தால் அதையும் எடுத்துப்போங்கள். என் பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டைத்தான் இரண்டாவது மருத்துவர் வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தார்.

படி 6: எங்கே போவது

நரம்பியல் மருத்துவர், நுரையீரல் மருத்துவர், மனநல மருத்துவர் ஆகிய மூவரில் தூக்க மருத்துவத்தில் பயிற்சி பெற்றவர் யாராக இருந்தாலும் சரி. கேட்டப்ளெக்சி இருந்தால் நரம்பியலில் தொடங்குவது என் விருப்பம்.

தேதி வாங்கும் முன் போனில் ஒரு கேள்வி கேளுங்கள்: “எம்.எஸ்.எல்.டி. செய்வீர்களா?” பகலில் எவ்வளவு சீக்கிரம் தூங்கிப்போகிறீர்கள் என்று அளக்கும் சோதனை அது, படி 8-இல் விவரமாக வரும். ஸ்லீப் லேப் என்று பலகை வைத்த பல இடங்களில் குறட்டைக்கும் மூச்சடைப்புக்கும் மட்டும்தான் சோதனை. வீட்டுக்கே கொடுத்தனுப்பும் சிறு கருவியும் அதற்குத்தான், நார்கோலெப்சியை அது காட்டாது. எத்தனை முறை அந்தச் சோதனையைச் செய்திருக்கிறார்கள் என்றும் கேட்கலாம், தப்பில்லை.

படி 7: மருந்தை நிறுத்துவது (என் முதல் சோதனை கெட்ட கதை)

முதல் முறை நான் சோதனைக்குப் போனபோது மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் நார்கோலெப்சி இல்லை என்று வந்தது. இரண்டு வருடம் அதோடு போயிற்று.

மனச்சோர்வு மாத்திரைகளில் பல ரெம் தூக்கத்தை அடக்கும். சோதனை தேடுவதே ரெம்மைத்தான். திருடன் வருகிறானா என்று பார்க்க, வாசலில் போலீஸை நிறுத்திவிட்டு ஒளிந்திருந்த கதை. வழக்கமாக இப்படிப்பட்ட மருந்துகளையும் விழிக்க வைக்கும் மருந்துகளையும் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். புளூவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை உடம்பில் நெடுநாள் தங்குவதால் அதற்கு இன்னும் கூடுதல் வாரங்கள் வேண்டும்.

இதை நீங்களாகச் செய்யக் கூடாது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் மனச்சோர்வு திரும்பலாம். கேட்டப்ளெக்சி அடக்கப்பட்டிருந்தால் அடுத்தடுத்து விடாமல் வரலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரும் தூக்க மருத்துவரும் பேசி, படிப்படியாகக் குறைக்க வேண்டும். நிறுத்தவே முடியாத நிலை என்றால் அதையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அந்த இரண்டு வாரமும் ஒழுங்கான நேரத்தில், போதுமான அளவு தூங்க வேண்டும். தூக்கம் குறைந்து போனால் ஆரோக்கியமான ஆளுக்கும் நார்கோலெப்சி மாதிரி ரிப்போர்ட் வரும். ஆக, சோதனை இரண்டு பக்கமும் ஏமாற்றும்: மருந்து இருந்தால் நோயை மறைக்கும், தூக்கம் குறைந்தால் இல்லாத நோயைக் காட்டும்.

படி 8: அந்த ஒரு ராத்திரியும் மறுநாளும்

மாலையில் போய்ச் சேர்வீர்கள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் போங்கள், பசை ஒட்டாது. தலையில், கண் ஓரத்தில், தாடையில், நெஞ்சில், காலில் ஒயர்கள். மூக்கருகே காற்றை அளக்கும் குழாய், விரலில் ஆக்சிஜன் கிளிப். இதற்குப் பெயர் பாலிசோம்னோகிராம். இத்தனை ஒயரோடு யார் தூங்குவார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள், ஆனால் தூங்கிவிடுவார்கள்.

இந்த ராத்திரிக்கு இரண்டு வேலை. மூச்சடைப்பு போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. குறைந்தது ஆறு மணி நேரம் தூங்கினீர்கள் என்று உறுதி செய்வது இன்னொன்று. ஆறு மணி நேரம் தூங்காவிட்டால் மறுநாள் சோதனையை நம்ப முடியாது. பெரிய அளவில் மூச்சடைப்பு இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை செய்துவிட்டுத்தான் மேலே போவார்கள்.

மறுநாள்தான் எம்.எஸ்.எல்.டி. அதாவது மல்டிபிள் ஸ்லீப் லேட்டன்சி டெஸ்ட். எழுந்து ஒன்றரை முதல் மூன்று மணி நேரம் கழித்து முதல் தூக்கம். பிறகு இரண்டு மணிக்கு ஒருமுறையாக மொத்தம் ஐந்து, சில இடங்களில் நான்கு. ஒவ்வொரு முறையும் விளக்கை அணைத்து, தூங்க முயலுங்கள் என்று சொல்வார்கள். 20 நிமிடத்துக்குள் தூக்கம் வராவிட்டால் அந்த முறை முடிந்தது. வந்துவிட்டால் ரெம் வருகிறதா என்று பார்க்க மேலும் 15 நிமிடம் விடுவார்கள்.

இடைவேளைகளில் தூங்கக் கூடாது, இதுதான் கொடுமை. ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போங்கள். அவருடைய ஒரே வேலை உங்களைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டிருப்பது. காபி கிடையாது. நன்றாகச் செய்து காட்ட வேண்டும் என்று மனசுக்குள் போராடவும் வேண்டாம். இது பரீட்சை இல்லை. ஐந்தாவது முறை முடிந்ததும் “நான் தூங்கவே இல்லை” என்று சத்தியம் செய்தேன். டெக்னீஷியன் சிரித்துக்கொண்டே திரையைக் காட்டினார், நான்கு நிமிடத்தில் தூங்கியிருந்தேன்.

படி 9: ரிப்போர்ட்டைப் படிப்பது

இரண்டு எண்களைத் தேடுங்கள்.

ஒன்று, தூங்க எடுத்துக்கொண்ட சராசரி நேரம். ஐந்து முறையும் 3, 5, 2, 6, 4 நிமிடம் என்றால் சராசரி 4. தூங்காத முறைக்கு 20 என்று கணக்கு வைப்பார்கள். சராசரி 8 நிமிடமோ அதற்குக் கீழோ இருந்தால் நார்கோலெப்சியின் எல்லைக்குள் வருகிறது.

இரண்டு, தூங்கி 15 நிமிடத்துக்குள் ரெம் எத்தனை முறை வந்தது. இரண்டு அல்லது அதற்கு மேல் வேண்டும். முந்தைய ராத்திரி தூங்கிய 15 நிமிடத்துக்குள் ரெம் வந்திருந்தால் அதை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். பலர் இதைக் கவனிப்பதில்லை, கேளுங்கள்.

இரண்டும் பொருந்தி, கேட்டப்ளெக்சியும் இருந்தால் முதல் வகை. கேட்டப்ளெக்சி இல்லாவிட்டால், வேறு விளக்கம் எதுவும் இல்லை என்று உறுதி செய்தபின் இரண்டாம் வகை. முதல் வகை முடிவு மறுபடி சோதித்தாலும் பெரும்பாலும் மாறாது. இரண்டாம் வகை அப்படி இல்லை. சில மாதம் கழித்துச் செய்தால் விடை மாறிவிடுவதுண்டு. ஷிப்ட் வேலை செய்பவர்களுக்கும், நள்ளிரவு தாண்டித் தூங்கி அதிகாலையில் எழுப்பப்படும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அதே எண்கள் வரலாம். ஆகவே கதையில்லாமல் எண்ணை மட்டும் வைத்து யாராவது முடிவு சொன்னால் நான் இன்னொரு மருத்துவரையும் கேட்பேன். எல்லாம் பொருந்தியும் எண் மட்டும் வரவில்லை என்றால் மறுசோதனை கேட்பதும் நியாயமே.

இரண்டு சோதனைகளின் பெயர் அடிபடும். எதிர்ப்புச் சக்தி சம்பந்தப்பட்ட மரபணுவைப் பார்க்கும் எச்.எல்.ஏ. ரத்தச் சோதனை ஒன்று: முதல் வகையினரில் 90 சதவீதத்துக்கு மேல் டி.க்யூ.பி.1 என்ற மரபணுவின் 06:02 வடிவம் இருக்கும். நோயே இல்லாத கோடிக்கணக்கானவர்களுக்கும் அது இருக்கும். ஆகவே அதை வைத்து நோய் இருக்கிறது என்று சொல்ல முடியாது. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரில் ஹைப்போகிரெட்டினை அளப்பது இன்னொன்று. மில்லிலிட்டருக்கு 110 பிகோகிராமோ அதற்குக் குறைவோ இருந்தால் முதல் வகை உறுதி. மருந்தை நிறுத்த முடியாதவர்களுக்கு இது பயன்படும். ஆனால் இதை அளக்கும் வசதி எல்லா ஊரிலும் கிடைக்காது, பெரும்பாலோருக்குத் தேவையும் படாது.

படி 10: பெயர் தெரிந்த பிறகு

அழிந்த அணுக்களைத் திரும்பக் கொண்டுவர இன்று வழியில்லை. அறிகுறிகளை அடக்கலாம், அது சாதாரண விஷயம் இல்லை. பகல் விழிப்புக்கு மோடாபினில், ஆர்மோடாபினில் இங்கே கிடைக்கின்றன. தேவைப்பட்டால் மெத்தில்பெனிடேட். கேட்டப்ளெக்சிக்கு வென்லாபாக்சின், புளூவாக்செட்டின் போன்றவை. ஆம், சோதனைக்கு முன் வில்லனாக இருந்த அதே குணம், ரெம்மை அடக்குவது, இப்போது உதவிக்கு வருகிறது. சோடியம் ஆக்சிபேட் என்ற இரவு மருந்தை அமெரிக்கா 2002 இல் அனுமதித்தது. ஒரெக்சின் செய்யும் வேலையைத் தானே செய்யும் மாத்திரைகளும் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. நான் ஆவலோடு காத்திருப்பது அவற்றுக்காகத்தான்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு. மோடாபினில் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். இதை எனக்கு மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார்.

மருந்துக்கு இணையானது நேரம் வைத்துத் தூங்குவது. மதியம் 15 முதல் 20 நிமிடம், முடிந்தால் மாலையில் இன்னொன்று. அலுவலகத்தில் மருத்துவரின் கடிதத்தோடு கேட்டு வாங்கினேன். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு மீதியைத் தூங்குகிறேன். மதியம் சோற்றைக் குறைத்ததும் எனக்கு உதவியது, உங்களுக்கு எப்படியோ.

அறிகுறி கட்டுக்குள் வந்தது என்று மருத்துவர் சொல்லும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். டூவீலர்கூட. கிணறு, குளம், ஆறு எதிலும் தனியாக இறங்க வேண்டாம். அடுப்படியில் கொதிக்கும் எண்ணெய்ப் பக்கம் நிற்கும்போது வீட்டில் யாரும் ஜோக் அடிக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் சட்டமே இருக்கிறது. தம்பி மாதம் ஒருமுறை மீறுவான்.

கடைசியாக, கல்யாணப் பேச்சில் கட்டாயம் வரும் கேள்வி: பிள்ளைகளுக்கு வருமா? நெருங்கிய ரத்த உறவுக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று அல்லது இரண்டு. மற்றவர்களைவிட அதிகம்தான், ஆனால் நூற்றில் 98 பேருக்கு வராது. அம்மா இந்தக் கணக்கை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். வந்த வரன்களில் ஒருவரின் அம்மா கேட்டபோது அவளே பதில் சொன்னாள், அப்புறம் திரும்பி என்னைப் பார்த்து, “ரிப்போர்ட்டை எடுத்துட்டு வா” என்றாள். ஒரிஜினலை பீரோவில் வைத்துவிட்டு ஜெராக்ஸைக் கொண்டுவந்தேன். நீங்களும் மூன்று பிரதி எடுத்து வையுங்கள்: மருத்துவருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, இப்படிப்பட்ட நாளுக்கு ஒன்று.